வென்ற பணம் எங்கே இருக்கிறது?

2022 ஜனவரி 8 அன்று லாஸ் வேகாஸின் ட்ரெஷர் ஐலண்ட் கேசினோவில், அரிசோனாவிலிருந்து வந்திருந்த ஒருவர் ஸ்லாட் மெஷின் ஒன்றின் முன் உட்கார்ந்து ஆடினார். அவருக்கு 2,29,368 டாலர் 52 சென்ட் ஜாக்பாட் விழுந்தது. ஆனால் அது அவருக்குத் தெரியாது. தகவல் தொடர்பில் ஏற்பட்ட ஒரு கோளாறால் இயந்திரம் அதை அறிவிக்கவே இல்லை. அருகிலிருந்த ஊழியர்களுக்கும் தெரியவில்லை. அவர் எழுந்து போனார், ஊருக்கும் திரும்பிவிட்டார்.

பிழை தெரியவந்தபோது அந்த இருக்கையில் இருந்தவர் யார் என்று சொல்ல ஆளில்லை. நெவாடா மாநிலத்தின் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியம் தேடலில் இறங்கியது. பல கேசினோக்களின் கேமராப் பதிவுகளை மணிக்கணக்கில் ஓட்டிப் பார்த்தார்கள். சாட்சிகளை விசாரித்தார்கள். மின்னணுக் கொள்முதல் பதிவுகளைச் சலித்தார்கள். வாடகைக் கார் நிறுவனத்தின் பயணத் தகவல்களைக்கூடக் கேட்டு வாங்கினார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அலைந்து ஆளைக் கண்டுபிடித்து, அவருக்குப் பணம் வரவேண்டியிருப்பதைச் சொன்னார்கள்.

இந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஆடியவர் அறியாத, திரையும் காட்டாத அந்த வெற்றி இரண்டு வாரமும் எங்கே இருந்தது? சூதாட்ட இயந்திரத்தில் வென்ற பணம் கைக்கு வருகிற பாதையைப் பற்றிய கேள்வி இது. அந்தப் பாதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் அறிவியல் இருக்கிறது.

தொடக்கத்தில் வெற்றி மதுக்கடைக்காரரின் வாய்ச்சொல்லில் இருந்தது. 1891 வாக்கில் நியூயார்க்கின் புரூக்ளினில் சிட்மன், பிட் என்ற இருவரின் நிறுவனம் செய்த இயந்திரத்தில் ஐந்து உருளைகள் சுழலும். அவற்றின் மேல் சீட்டுக்கட்டின் படங்கள். காசைப் போட்டு நெம்புகோலை இழுத்தால் போக்கர் ஆட்டத்தின் ஒரு கை வந்து நிற்கும். ஆனால் இயந்திரம் எதையும் தராது. வந்து நின்ற சீட்டுகளைக் கடைக்காரர் பார்த்து, ஒரு குவளை பீரோ சுருட்டோ கொடுப்பார். ஐந்து உருளைகளில் உருவாகக்கூடிய சேர்க்கைகள் எண்ணிலடங்காதவை. எது வெற்றி, எவ்வளவு பெரிய வெற்றி என்று பல்சக்கரங்களும் ஸ்பிரிங்குகளும் பிரித்தறிய அன்று வழி இருக்கவில்லை.

சான்பிரான்சிஸ்கோவில் குடியேறியிருந்த பவேரியாக்காரர் சார்லஸ் ஃபே இந்தச் சிக்கலைச் சுருக்கித் தீர்த்தார். உருளைகளை மூன்றாக்கினார், சின்னங்களையும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைத்தார். சேர்க்கைகள் குறைந்ததும் இயந்திரமே வெற்றியை அடையாளம் காண முடிந்தது. உருளையோடு சுழலும் வட்டில் பள்ளங்கள் வெட்டியிருக்கும். சரியான சின்னங்கள் நிற்கும்போது நெம்புகோல்கள் அந்தப் பள்ளங்களில் இறங்கும், காசுக் குழாயின் வாய் திறக்கும். 1890-களில் வந்த அவருடைய 'லிபர்ட்டி பெல்' இயந்திரத்தில் மூன்று மணிகள் வரிசையாக நின்றால் அதிகபட்சப் பரிசு: பத்து நிக்கல் காசுகள், அதாவது 50 சென்ட். மனிதர் தீர்ப்புச் சொல்லாமல் இயந்திரமே காசைக் கொட்டிய வகையில் அது ஒரு பாய்ச்சல்தான்.

ஆனால் குழாயில் எத்தனை காசு அடுக்க முடியுமோ அவ்வளவுதான் இயந்திரம் தர முடியும். அதற்கு மேல் போனால் ஊழியர் வந்து கையால் எண்ணித் தரவேண்டும். இந்தத் தடையை உடைத்தது 1960-களின் தொடக்கத்தில் பேலி நிறுவனம் கொண்டுவந்த 'மனி ஹனி'. அதன் வயிற்றுக்குள் ஹாப்பர் என்ற காசுத்தொட்டி இருந்தது. ஆயிரக்கணக்கான காசுகள் அதில் குவிந்து கிடக்கும். அடியில் மோட்டாரால் சுழலும் ஒரு தட்டு காசுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மேலே கொண்டுபோய்த் தள்ளும். தள்ளப்படும் ஒவ்வொரு காசும் ஓர் எண்ணியைத் தட்டிவிட்டுத்தான் வெளியே விழும். ஆள் உதவியில்லாமல் 500 காசு வரை அதனால் தர முடிந்தது. உலோகத் தட்டில் காசு கொட்டுகிற அந்த ஓசைதான் பல பத்தாண்டுகளுக்கு லாஸ் வேகாஸின் ஓசையாக இருந்தது.

அந்தக் காசுகளைக் கேசினோக்கள் ஒவ்வொன்றாக எண்ணவில்லை, எடை போட்டன. அமெரிக்காவின் 25 சென்ட் காசு 5.67 கிராம். நாணயச்சாலை அந்த எடையைத் துல்லியமாகக் காப்பதால் தராசே கணக்குப்பிள்ளை ஆகிவிடுகிறது. ஆயிரம் டாலரை 25 சென்ட் காசுகளாகக் குவித்தால் ஏறத்தாழ 22.7 கிலோ, ஓர் அரிசிச் சிப்பத்தின் எடை. இதை இரவெல்லாம் வண்டியில் தள்ளி இயந்திரத்துக்கு இயந்திரம் நிரப்பியவர்களின் முதுகெலும்பை நினைத்துப் பார்க்கிறேன். தொட்டி வழியுமளவுக்கு நிறைந்தால் மிஞ்சும் காசு அடியிலுள்ள வாளிக்குள் விழும். காலியானால் ஊழியர் ஒரு ரசீது எழுதிக் கையெழுத்திட்டு நிரப்புவார். இன்று இயந்திரங்கள் தாள் பணத்தை விழுங்குவதால் வாளிக்குப் பதில் பூட்டிய பணப்பெட்டி. அதை எண்ணும் அறையில் கேமராக்களுக்குக் கீழே, பை வைக்காத ஆடை அணிந்து ஊழியர்கள் வேலை செய்வார்கள். கோயில் உண்டியல் எண்ணுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல.

பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது. இயந்திர உருளையில் சாதாரணமாக 22 இடங்கள் என்று வைத்துக்கொண்டால், மூன்று உருளைகளுக்கு 22×22×22, மொத்தம் 10,648 சேர்க்கைகள். பத்தாயிரத்துச் சொச்சம் ஆட்டத்துக்கு ஒருமுறை விழக்கூடிய பரிசைக் கோடி டாலராக வைக்க எந்தக் கேசினோவாலும் முடியாது. இங்கெ டெல்நாஸ் என்பவர் 1984-இல் பெற்ற காப்புரிமை இந்தக் கணக்கை மாற்றிப்போட்டது. உருளை எங்கே நிற்கவேண்டும் என்பதைக் கணினி ஓர் எண்ணைத் தேர்ந்து முடிவுசெய்யும். உருளை அந்த முடிவை நடித்துக் காட்டும். கணினிக்குள் இருக்கும் கற்பனை உருளைக்கு 64 இடங்கள் வைத்தால் சேர்க்கைகள் 2,62,144 ஆகிவிடும். இன்னும் வேண்டுமானால் இன்னும் கூட்டலாம். கண்ணால் காணும் உருளைக்கும் உள்ளே நடக்கும் கணக்குக்கும் இருந்த நேரடி உறவு அன்றோடு அறுந்தது.

இப்போதைய இயந்திரத்தில் யாரும் ஆடாதபோதும் சமவாய்ப்பு எண்கள் உள்ளே ஓயாமல் உருண்டுகொண்டே இருக்கின்றன. நீங்கள் பொத்தானை அழுத்தும் கணத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எண் பிடிக்கப்படுகிறது. ஆட்டம் அந்த நொடியிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு சுழல்வதும் தயங்குவதும் கடைசி உருளை மெல்ல நகர்ந்து நிற்பதும் வெறும் காட்சி. முடிவு ஏற்கெனவே மின்கலத்தால் காக்கப்படும் ஒரு நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. முக்கியமான எண்களை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் எழுதிவைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதும் வழக்கம். ஒத்துப்போகாவிட்டால் இயந்திரம் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். உருளை சுழலும்போது மின்சாரம் போய்த் திரும்ப வந்தால் அதே முடிவுதான் வரும். கடைசியாக ஆடிய பல ஆட்டங்களையும் அதனிடமிருந்து திரும்ப வரவழைத்துப் பார்க்கலாம். எவ்வளவு பணம் உள்ளே வந்தது, எவ்வளவு வெளியே போனது என்று மின்சார மீட்டர்போலத் தொடர்ந்து ஏறிக்கொண்டே போகும் எண்ணிகளும் உண்டு. அரிசோனாக்காரரின் பணம் அவருக்குக் கிடைக்க முடிந்ததற்குக் காரணம், அவர் எழுந்து போன பிறகும் போகாமல் நின்ற பதிவுதான்.

நியூயார்க் நகரத்தின் குயீன்ஸ் பகுதியில் இதற்கு நேர் எதிராக ஒன்று நடந்தது. 2016-இல் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் கேசினோவில் ஒரு பெண்மணி ஆடிய இயந்திரத்தின் திரையில் 4,29,49,672 டாலர் 76 சென்ட் என்று ஒளிர்ந்தது. அவர் திரையோடு தன்னைப் படம்பிடித்துக்கொண்டார். கேசினோ சரிபார்த்துவிட்டு, இது இயந்திரக் கோளாறு, உங்களுக்கு உரியது 2 டாலர் 25 சென்ட் என்றது. கூடவே ஓர் இரவு உணவு.

அந்த எண்ணைச் சற்று உற்றுப் பாருங்கள். சென்ட்களாக எழுதினால் 4,29,49,67,276. கணினி அறிந்தவர்களுக்கு இது பழகிய முகம். 32 இருமக் கட்டங்களில் மொத்தம் 4,29,49,67,296 எண்களைத்தான் எழுத முடியும். திரையில் வந்த எண் அதற்குச் சரியாக 20 குறைவு. பழைய ஸ்கூட்டரின் தூர மீட்டரை 00000-இலிருந்து ஒரு கிலோமீட்டர் பின்னோக்கிச் சுழற்றினால் 99999 என்று காட்டும் அல்லவா? அதேபோல, கழித்தல் குறியை அறியாத ஒரு கணினிக் கட்டத்தில் ‘கழித்தல் 20’ என்று எழுதினால் அது இந்தப் பிரம்மாண்ட எண்ணாகத்தான் தெரியும். யாரோ எழுதிய நிரலில் எங்கோ 20 சென்ட் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியிருக்கவேண்டும் என்பது என் ஊகம். எண்ணே தரும் வலுவான ஊகம் இது. 2010-இல் கொலராடோ மாநிலத்தின் செண்ட்ரல் சிட்டியிலும் ஓர் இயந்திரம் ஏறத்தாழ இதே 4.29 கோடி டாலரைக் காட்டி ஒரு பெண்ணை ஏமாற்றியது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் ஊகம் இன்னும் உறுதியாகிறது.

ஏறக்குறைய எல்லா இயந்திரங்களிலும் ஒரு வாசகம் ஒட்டியிருக்கும்: கோளாறு ஏற்பட்டால் எல்லாப் பரிசும் ஆட்டமும் செல்லாது. 2011-இல் அயோவா மாநிலத்தின் வாட்டர்லூவில் ஒரு முதிய பெண்மணிக்கு ஓர் இயந்திரம் ஏறத்தாழ 4.18 கோடி டாலர் ‘போனஸ்’ என்று காட்டியது. உருளைகளின்படி அவர் வென்றது 1 டாலர் 85 சென்ட். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம்வரை போனது. 2015-இல் நீதிமன்றம் கேசினோவின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆட்ட விதிகள்தான் இரு தரப்புக்குமான ஒப்பந்தம், அந்த விதிகளில் அப்படியொரு போனஸே கிடையாது என்பது அதன் சாரம்.

சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. குயீன்ஸ் இயந்திரத்தின் உச்சப் பரிசே 6,500 டாலர் என்று சொல்லப்பட்டது. உச்சத்தைத் தாண்டிய எந்த எண்ணும் திரைக்குப் போகாமல் தடுக்க நிரலில் ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுதாதவர்களின் தவறுக்கு, சில நிமிடங்கள் தன் வாழ்க்கையே மாறிவிட்டது என்று நம்பிய மனிதர் மட்டும் விலை கொடுப்பது நியாயமில்லை. கோளாறு எங்கள் பக்கம், இழப்பு உங்கள் பக்கம் என்கிற ஏற்பாட்டை வேறு எந்தத் தொழிலிலும் நாம் இவ்வளவு எளிதாக ஒத்துக்கொள்வதில்லை.

சிறிய வெற்றிகளின் கதை வேறு. இப்போது காசு கொட்டுவதில்லை. ‘கேஷ் அவுட்’ பொத்தானை அழுத்தினால் வெப்பத்தால் அச்சாகும் ஒரு சீட்டு நாக்குப்போல வெளியே நீளும். அதில் தொகை, நேரம், ஒரு பார்கோடு, 18 இலக்க எண். பார்ப்பதற்குப் பணம்போல இருந்தாலும் அது பணமல்ல, சர்வரில் உள்ள ஒரு பதிவுக்கான சாவி. சீட்டை இன்னோர் இயந்திரத்திலோ பணம் தரும் கியோஸ்கிலோ நுழைத்ததும் அந்த எண் சர்வருக்குப் போகும். பதிவு உயிரோடு இருந்தால் ‘கொடுக்கப்பட்டது’ என்று மாறும். அதே சீட்டை அச்சு அசலாக நகலெடுத்து வந்தாலும் இரண்டாவது முறை கதவு திறக்காது. அதேசமயம் முதலில் நுழைப்பவர் யார் என்று சர்வர் கேட்பதுமில்லை. இருக்கையில் மறந்துவிட்டுப் போன சீட்டை யார் எடுத்தாலும் பணம் வரும். கேமராதான் அங்கே மிச்சமிருக்கும் காவல்.

பெரிய பரிசு விழுந்தால் இயந்திரம் உறைந்து நின்றுவிடும். உச்சியிலுள்ள விளக்கு மின்னத் தொடங்கும். தொழிலில் இருப்பவர்கள் அதை ‘கேண்டில்’ என்பார்கள். பணத்தைக் கையால் கொண்டுவந்து தருவதால் இதற்கு ‘ஹேண்ட் பே’ என்று பெயர். ஓடிவரும் ஊழியர் முதலில் வாழ்த்துவார், அடுத்து அடையாள அட்டை கேட்பார். அமெரிக்காவில் ஸ்லாட் பரிசை வரித்துறைக்குத் தெரிவிக்கவேண்டிய எல்லை 1977 முதல் 1,200 டாலராகவே நின்றது. 2026-இல்தான் 2,000 ஆனது. அத்தனை ஆண்டு விலைவாசி ஏறியும் எல்லை ஏறாததால், நாளுக்கு நாள் சாதாரணப் பரிசுக்குக்கூட இயந்திரம் பூட்டிக்கொண்டு, படிவம் நிரப்பும்வரை ஆட்கள் காத்துக்கிடந்தார்கள். வெளிநாட்டுப் பயணி என்றால் பெரும்பாலும் 30 சதவீத வரி அங்கேயே கழிக்கப்படும். சென்னையிலிருந்து போய் வென்றவருக்கும் அதுதான் நிலை.

படிவத்துக்குப் பின்னால் நடக்கும் சரிபார்ப்புதான் எனக்குச் சுவையானது. இயந்திரம் சொல்லும் தொகையும் மைய அமைப்பு சொல்லும் தொகையும் ஒத்துப்போகவேண்டும். ஒருவரின் கையெழுத்து போதாது, குறைந்தது இருவர் வேண்டும். தொகை மிகப் பெரிதானால் தொழில்நுட்ப ஊழியர் கதவைத் திறந்து முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். உள்ளிருக்கும் நிரலைக் கணித முறையில் பிழிந்து ஒரு ‘கைரேகை’ எடுப்பார்கள். சோதனைக்கூடம் அங்கீகரித்த நிரலின் கைரேகையோடு அது எழுத்துக்கு எழுத்து பொருந்தவேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் ரேகை முற்றிலும் வேறாகிவிடும்.

இவ்வளவு சந்தேகத்துக்கும் காரணம் இருக்கிறது. 1990-களில் நெவாடா கட்டுப்பாட்டு வாரியத்தின் கணினிப் பொறியாளரே, இயந்திரங்களைச் சோதிக்கும் பணியைப் பயன்படுத்தி அவற்றின் சில்லுகளில் ரகசிய நிரலைப் புகுத்தினார். குறிப்பிட்ட வரிசையில் காசுகளைப் போட்டால் பரிசு விழும்படி செய்திருந்தார். அவர் சிக்கியது இயந்திரத்தால் அல்ல. 1995-இல் அட்லாண்டிக் சிட்டியில் அவருடைய கூட்டாளி கீனோ என்ற எண் ஆட்டத்தில் 1,00,000 டாலர் வென்று, பணம் வாங்க வந்தபோது நடந்துகொண்ட விதம் அங்கிருந்தவர்களுக்கு நெருடியது. அங்கிருந்து நூல் பிடித்துப் போனார்கள். கைரேகைக் கணிதம் எவ்வளவு வளர்ந்தாலும், வென்றவரின் முகத்தைப் பார்க்கும் ஊழியரின் கண் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாக இருந்தே தீரவேண்டும் என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய பரிசு பல கேசினோக்களை இணைக்கும் ‘மெகாபக்ஸ்’. ஐஜிடி நிறுவனம் 1986-இல் தொடங்கியது. மாநிலமெங்கும் இந்த இயந்திரங்களில் விழும் ஒவ்வொரு பந்தயத்திலிருந்தும் ஒரு சிறு பங்கு பொதுக் குடத்துக்குப் போகும். 2003 மார்ச்சில் எக்ஸ்காலிபர் கேசினோவில் 25 வயதுக் கணினிப் பொறியாளர் ஒருவருக்கு அந்தக் குடம் உடைந்தது: 3.97 கோடி டாலர். ஆனால் யாரும் அதை மூட்டையாகக் கட்டித் தரமாட்டார்கள். வழக்கமான ஏற்பாடு 25 ஆண்டுத் தவணை. உடனே மொத்தமாக வேண்டுமென்றால் ஏறத்தாழ 60 சதவீதம். மீதியைச் சுருட்டிக்கொள்கிறார்கள் என்று தோன்றும். கணக்குப் போட்டால் வேறு தெரிகிறது. முதல் தவணை இன்றே, மீதி 24 ஆண்டுதோறும், வட்டி 5 சதவீதம் என்றால், அத்தனை தவணைகளின் இன்றைய மதிப்பு விளம்பரத் தொகையில் 59 சதவீதம்தான். ஒளிர்பலகையில் ஓடும் கோடிகள் முதலிலிருந்தே எதிர்காலப் பணத்தில் எழுதப்பட்டவை.

திரைக்கும் கணக்குக்கும் உள்ள இடைவெளி பெரிய பரிசுகளில் மட்டுமில்லை. அன்றாடம் அதிகத் தீங்கு செய்வது சிறிய தொகைகளில்தான். 20 வரிசைகளில் வரிசைக்கு ஒரு சென்ட் வைத்து ஆடுகிறீர்கள். ஒரு வரிசையில் 5 சென்ட் வருகிறது. உங்களுக்கு 15 சென்ட் நட்டம். இயந்திரமோ இசைத்து, ஒளிர்ந்து, எண்ணை உருட்டிக் கொண்டாடுகிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மைக் டிக்சன், கெவின் ஹாரிகன் குழுவினர் இதை ‘வெற்றி வேடமிட்ட தோல்வி’ என்று பெயரிட்டு ஆராய்ந்தார்கள். ஆடுபவர்களின் தோலில் வியர்வையால் மாறும் மின்கடத்துதிறனை அளந்தபோது, உடல் இந்தத் தோல்விகளுக்கும் உண்மையான வெற்றிக்குக் காட்டுவதைப்போலவே பரபரத்தது. 2010-இல் அந்த ஆய்வு வெளியானது. நினைவகத்தில் இறங்குமுகமாக எழுதப்படும் ஒரு கணக்கு, உடம்பில் ஏறுமுகமாகப் பதிகிறது. நெவாடா விதிப்படி இயந்திரம் நீண்டகாலக் கணக்கில் குறைந்தது 75 சதவீதம் திருப்பித் தரவேண்டும். நடைமுறையில் பெரும்பாலானவை அதைவிடக் கூடுதலாகவே தருகின்றன. 90 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஆட்டத்துக்கு ஒரு டாலர், மணிக்கு 600 ஆட்டம் என்றால் சராசரியாக மணிக்கு 60 டாலர் போகும், அத்தனை கொண்டாட்டங்களுக்கு நடுவே.

இதனால்தான் பணம் தரும் வேகம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், கிளப்களிலும் ஹோட்டல்களிலும் உள்ள இயந்திரங்களில் 5,000 டாலருக்கு மேல் வென்றால் அந்த மேல்தொகையை ரொக்கமாகத் தரக்கூடாது. காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோதான் தரவேண்டும். வென்ற பணம் அதே இயந்திரத்தின் வாய்க்குள் உடனே திரும்பிப் போகாமல் ஓர் இரவாவது வெளியே தங்கட்டும் என்பதே இதன் பயன். சீட்டு முறை வந்தபோது நடந்தது இதற்கு எதிர்த்திசையில். முன்பு காசு தீர்ந்தால் ஊழியருக்காகக் காத்திருக்கவேண்டும். கையில் அழுக்குப் படியும். கனமான வாளியைத் தூக்கிக்கொண்டு கவுண்ட்டருக்கு நடக்கவேண்டும். அந்த நடையில் மனிதர் கொஞ்சம் யோசிப்பார். இன்று சீட்டு ஓர் இயந்திரத்திலிருந்து உருவி அடுத்ததில் நுழைய ஐந்து நொடி போதும்.

சில சீட்டுகள் எங்கும் நுழைவதில்லை. 12 சென்ட், 7 சென்ட் என்று மீந்தவற்றைப் பலர் இருக்கையிலேயே விட்டுவிடுகிறார்கள், சட்டைப்பையில் வைத்து மறந்தும் போகிறார்கள். சீட்டில் அச்சிட்ட கெடு முடிந்ததும் சர்வரில் அந்தப் பதிவு காலாவதியாகிறது. 2011-இல் நெவாடா ஒரு சட்டம் இயற்றியது: அப்படிக் காலாவதியாகும் தொகையில் 75 சதவீதம் மாநிலக் கருவூலத்துக்கு, மீதி கேசினோவுக்கு. யாரும் வந்து கேட்காத அந்தச் சென்ட்கள் ஒவ்வொன்றாகக் கூட்டப்பட்டு, காலாண்டுக்கு ஒருமுறை அரசுக் கணக்கில் சேர்கின்றன.